தருமபுரி நகர்மன்றமும் அதன் தீர்மானங்களும்

தமிழ்நாட்டில் மேயர் என்ற பதவி மாநகராட்சிகளுக்கு மட்டுமே உரியது. அதற்கு அடுத்த நிலையிலுள்ள நகராட்சியை வழிநடத்துபவர் நகர்மன்றத் தலைவர் எனப்படுகிறார். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனுடன் சென்ற ஓசூர், 2019இல் மாநகராட்சியாகி, மேயர் பதவிக்கு உரியதானது. மாவட்டத் தலைநகரான தருமபுரியோ 1964இல் நகராட்சியாகி, 2022 தேர்தலையும் நகராட்சியாகவே சந்தித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 68,619 பேர் வாழ்ந்த இந்நகரம் 33 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; வார்டுக்கு ஒரு கவுன்சிலர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை தமிழ்நாட்டில் நிலையாக இருந்ததில்லை. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களே நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். மறைமுகத் தேர்தல் எனப்படும் இம்முறையில், தலைவர் எந்நாளும் மன்றத்தின் பெரும்பான்மையைத் தம் பக்கம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், நகரம் முழுவதற்குமான திட்டத்தைவிட வார்டுகளுக்கு இடையிலான பங்கீடே முதன்மை பெற்றுவிடும் ஆபத்து உண்டு. அதே வேளையில், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவர் ஒரு கட்சியும் மன்றத்தின் பெரும்பான்மை வேறு கட்சியுமாக அமையும்போது நேரும் முட்டுக்கட்டை இதில் பெரும்பாலும் எழுவதில்லை.

தலைவரும் மன்றமும் முடிவெடுக்கும் தரப்பு என்றால், அம்முடிவுகளை நிறைவேற்றுபவர் மாநில அரசால் நியமிக்கப்படும் ஆணையர் ஆவார். பொறியியல், வருவாய், பொதுச் சுகாதாரம், நகரமைப்பு முதலிய பிரிவுகள் அவரது கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. தெரு ஒன்றில் இடிந்துபோன சாக்கடையைச் சீரமைப்பதையே எடுத்துக்கொண்டால், கவுன்சிலரின் கோரிக்கையின் பேரில் பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்க, அது கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஓர் எண்ணுடன் இடம்பெறுகிறது. ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு என்ற தலைப்பில் ‘மன்றம் அனுமதிக்கலாம்’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். மன்றம் அதை ஏற்றால் அது தீர்மானமாகிறது. அதன் பிறகே ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்க வழி பிறக்கிறது. பல கூட்டங்களில் பத்துப் பதினைந்து பொருள்கள் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு நிறைவேறிவிடுவதுதான் கவலைக்குரியது. ஏனெனில் மதிப்பீடு ஏன் உயர்ந்தது, சென்ற ஆண்டு போட்ட சாலை ஏன் மறுபடியும் பட்டியலில் இருக்கிறது என்று கேட்பதற்கு கவுன்சிலருக்கு வாய்க்கும் முதன்மையான இடம் அந்தக் கூட்டமே. இப்படிக் கேள்வி கேட்க வேண்டிய நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 முதல் மாதம் 5,000 ரூபாயும் தலைவருக்கு 15,000 ரூபாயும் மதிப்பூதியம் வழங்கப்படுகிறது. முழுநேர உழைப்பைக் கோரும் பொறுப்புக்கு இது மிகக் குறைவு.

நகராட்சியின் கை எட்டும் எல்லையைக் குடிநீரைக் கொண்டு நன்கு உணரலாம். தருமபுரி வட்டாரத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்குப் பற்களில் பழுப்புக் கறை படிவதோடு எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. இதற்குத் தீர்வாக, ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தை உருவாக்கியது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். நகருக்கு எவ்வளவு நீர் வரும் என்பதை நகர்மன்றம் தனியாக முடிவு செய்ய இயலாது. ஆனால் வந்து சேரும் நீரை மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றுவதும், குமாரசாமிப்பேட்டைக்கும் அன்னசாகரத்துக்கும் எப்போது திறந்துவிடுவது என்று முறை வகுப்பதும், உடைந்த குழாயை மாற்றுவதும், குடிநீர்க் கட்டணம் வசூலிப்பதும் நகராட்சியின் வேலைகள். ஆற்று நீர் வராத நாளில் மக்கள் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றை நாட நேர்ந்தால் புளோரைடும் கூடவே திரும்பும் என்பதால், இவ்வூரில் நீர் விடும் முறை ஒரு பொதுச் சுகாதார முடிவும் ஆகும். இந்தப் பணிகளுக்கான நிதி சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றிலிருந்தும், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு பகிர்ந்தளிக்கும் தொகையிலிருந்தும் வருகிறது.

மன்றமே இல்லாத காலம் ஒன்றும் இருந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மன்றத்தின் அதிகாரங்களைத் தனி அலுவலர்களே செலுத்தினர். குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது. ஆனால் தீர்மானத்தின் மீது எதிர்க் கேள்வி எழுப்ப மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. ஒரு முழுப் பதவிக்காலத்தையே வாக்காளரிடமிருந்து பறித்த இந்தத் தாமதத்தை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

தேர்தலுக்குப் பின் அமைந்த மன்றங்களில் பெண்களுக்கு 50 விழுக்காட்டு இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. கிராம சபையை ஒத்த பகுதி சபைகளும் 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. வார்டின் ஒரு பகுதியைச் சேர்ந்த வாக்காளர்கள் கூடித் தம் தேவைகளைச் சொல்ல, அவை வார்டு குழு வழியாக நகராட்சிக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குழுவுக்கும் தலைவர் கவுன்சிலரே. ஆகவே தெருவிளக்கோ சாக்கடையோ எதுவாயினும், கோரிக்கையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதவைத்து, அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் அது ஏறியதா என்று கேட்டறிவது பகுதிவாசிகளின் பொறுப்பாகிறது.