தேடிய தேட்டம்

யாழ்ப்பாணத்து மக்கள் சொத்தை மூன்றாக வகுத்துப் பேசுவர். முன்னோர் வழியே வந்து சேர்வது முதுசம். மணமகளுக்கு அளிக்கப்படுவது சீதனம். மணவாழ்வில் உழைத்து ஈட்டிக்கொள்வது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில் எழுத்துருப் பெற்ற தேசவழமையில் இடம்பெற்ற இப்பாகுபாடு, இன்றும் எம்மவர் நாவில் வழங்கி வருகின்றது. சட்டப் புத்தகத்தைக் கண்ணாலும் காணாத மூதாட்டியர்கூட, "அது என்ரை சீதனக் காணி" என்று சொல்லும்போது குரலில் ஓர் உறுதி தோன்றுவதைக் கேட்டிருக்கிறோம்.

அண்மையில் அத்தகைய தாய் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். அவருடைய மகன் எம்மிடம் பயின்ற மாணவன். கமராவும் கையுமாகத் திரிபவன். முழுநீளத் திரைப்படம் ஒன்றைத் தானே நடித்து, தானே நெறிப்படுத்தி எடுக்கவேண்டும் என்பது அவனது கனவு. அதற்கு முதல் வேண்டும். இருப்பதோ தாயின் பெயரில் எட்டுப் பரப்புத் தோட்டக் காணி ஒன்றே.

"எம்.ஜி.ஆரும் உள்ளதெல்லாம் ஈடு வைச்சுத்தானே படம் எடுத்தவர் எண்டு சொல்லுறான், சேர். எனக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள்தான் ஒரு புத்தி சொல்லவேணும்" என்றார் அந்தத் தாய்.

உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம். அந்த ஒரு கிழமையில் நாம் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறோம். பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

நாவலப்பிட்டியில் பிறந்த பிள்ளை

மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் நாள் எமது மலைநாட்டில், கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் சத்தியபாமா, சக்கரபாணி, இராமச்சந்திரன் என்னும் இரு ஆண்மக்களுடன் கும்பகோணத்தில் குடியேறினார். பிள்ளைகளைத் தொடர்ந்து படிக்கவைக்க வழியில்லை. பத்து வயதும் நிரம்பாத இளைய மகனும் அவன் தமையனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தனர். உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் கிடைக்கும் என்பதே அந்நாளில் அக்கம்பெனிகள் ஏழைப் பெற்றோருக்கு அளித்த பெரிய வாக்குறுதி.

முதுசம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. பின்னாளில் அவர் சேர்த்ததெல்லாம் தேடிய தேட்டமே.

இருபத்திரண்டு ஆண்டுப் பயிற்சி

1936ஆம் ஆண்டில், எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர் நெறிப்படுத்திய 'சதிலீலாவதி' படத்தில் ஒரு சிறு போலீஸ் அதிகாரியாக அவர் முதன்முதல் திரையில் தோன்றினார். அதன்பின் பதினொரு ஆண்டுகள் சின்னஞ்சிறு வேடங்களே கிடைத்தன. 1947ஆம் ஆண்டில் ஜுபிட்டர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனபோது அவருக்கு வயது முப்பது. 'மந்திரிகுமாரி' (1950), 'மலைக்கள்ளன்' (1954), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'மதுரை வீரன்' (1956) என்று வெற்றிகள் தொடர்ந்தன.

இந்த ஆண்டுகளில் அவர் நடிப்பை மட்டும் கற்கவில்லை. கமரா எங்கே வைக்கப்படுகிறது, ஒளி எவ்வாறு அமைக்கப்படுகிறது, எடுத்த படச்சுருளை எங்கே வெட்டி எங்கே ஒட்டுகிறார்கள் என்பவற்றையும் கூர்ந்து கற்றார். பிறர் பணத்தில் எடுக்கப்பட்ட படங்களே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. முதன்முதல் நெறியாளர் நாற்காலியில் அமர்ந்த 1958ஆம் ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்தொன்று. திரையுலகில் கால் வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மன்னனா? நாடோடியா?

'நாடோடி மன்னன்' அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் நாள் வெளிவந்தது. தம் பெயரின் எழுத்துக்களையே கொண்ட எம்ஜியார் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தின் மூலம் அவர் அதனைத் தயாரித்தார். தமையனார் சக்கரபாணியும் ஆர். எம். வீரப்பனும் நிருவாகத்தில் துணை நின்றனர். அரசனும் அவனைப்போன்ற உருவமுடைய நாடோடியுமாக எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பிற்பகுதி வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஏறக்குறைய 18 இலட்சம் ரூபா செலவாயிற்று என்பர். அந்நாளில் அது மலைக்கவைக்கும் தொகை. வீட்டையும் பிற உடைமைகளையும் ஈடு வைத்துக் கடன் பெற்றார். படம் வென்றால் தாம் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் கூறியது நாடறிந்த செய்தி.

இடையூறுகளும் குறைவில்லை. கதாநாயகியாக நடித்த பி. பானுமதிக்கும் நெறியாளருக்கும் கருத்து வேறுபாடு முற்றி, பானுமதி விலகிக்கொண்டார். வேறொருவராயின் எடுத்ததனைத்தையும் வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார். அல்லது கைகட்டி அமர்ந்திருப்பார். எம்.ஜி.ஆரோ, அப்பாத்திரம் கதையின் நடுவே இறந்துவிடுவதாக மாற்றியமைத்து, பிற்பகுதிக்குப் பி. சரோஜாதேவியைக் கதாநாயகியாக்கினார். செலவழித்த பணமும் வீணாகவில்லை, கதையும் முறியவில்லை. இருபத்திரண்டு ஆண்டு கற்ற கல்வி கைகொடுத்த இடம் இதுவே.

படம் பெருவெற்றி பெற்றது. அது வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே நாம் அதனைக் கண்டோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த 1990களின் முற்பகுதியில், மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, அயலார் அனைவரும் காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்த படங்களுள் அதுவும் ஒன்று. பெருங்கடனில் பிறந்த படம் எனச் சிறுவராகிய நாம் எங்ஙனம் அறிவோம்? வாட்போரைக் கண்டு கைதட்டினோம்.

அவ்வெற்றிக்குப் பின்னும் அவர் அவசரப்படவில்லை. 1969இல் தம் நிறுவனத்திலேயே 'அடிமைப்பெண்' படத்தைத் தயாரித்தபோது நெறியாளர் பொறுப்பைக் கே. சங்கரிடம் விட்டார். ஜப்பானின் ஒசாகா நகரில் 1970ஆம் ஆண்டு நிகழ்ந்த உலகக் கண்காட்சியிலும் கீழைத்தேயங்கள் பலவற்றிலும் எடுக்கப்பட்ட 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் வெளிவந்தது. முதலமைச்சரான பின்னர் 1978இல் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' மூன்றாவது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் நெறிப்படுத்தியவை இம்மூன்றே.

மீளாத மாளிகை

எம்.ஜி.ஆரின் கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுதல் அறிவுடைமையன்று. அதே காலத்தில், அதே நகரில், அதே பணயத்தை வைத்துத் தோற்றவர் ஒருவர் உண்டு. அவரும் எம் நாட்டுடன் தொடர்புடையவரே.

ஜே. பி. சந்திரபாபு 1927ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் பிறந்தவர். விடுதலைப் போரில் ஈடுபட்ட தந்தை இலங்கைக்கு வர நேர்ந்தமையால் கொழும்பில் வளர்ந்து கல்வி பயின்றவர். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை மூன்றிலும் அவருக்கு இணை சொல்ல அந்நாளில் எவரும் இலர். 'சபாஷ் மீனா' (1958) படத்தில் அவர் நடித்த இரட்டை வேடத்தை மறந்தவர் யார்? பொருள் குவிந்தது. சென்னை கிரீன்வேஸ் சாலையில், மோட்டார் வண்டி மேல்மாடிவரை ஏறிச்செல்லத்தக்க மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார்.

அப்போது அவருக்கும் நெறியாளராகும் ஆசை பிறந்தது. 'மாடி வீட்டு ஏழை' என்று படத்துக்குப் பெயரிட்டு, எம்.ஜி.ஆரையே கதாநாயகனாக ஒப்பந்தம் செய்தார். படம் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. கடன் நிற்கவில்லை, வட்டியுடன் வளர்ந்தது. மாளிகை கைவிட்டுப் போயிற்று. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்னும் படத்தைத் தாமே நடித்து நெறிப்படுத்தினார். அதுவும் இழந்த செல்வத்தை மீட்டுத் தரவில்லை. 'அடிமைப்பெண்'ணில் எம்.ஜி.ஆருடன் நடித்தார் எனினும், பழைய நிலை திரும்பவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள், நாற்பத்தாறு வயதில், வறுமையிலேயே கண்மூடினார். படத்துக்கு அவர் இட்ட பெயரே அவருக்குப் பொருந்திவிட்டது.

திறமையில் சந்திரபாபு குறைந்தவரா? இல்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கின்றது. 'நாடோடி மன்ன'னில் முதலாளியும் நெறியாளரும் கதாநாயகனும் ஒருவரே. எந்த நாளில் படப்பிடிப்பு என்பது அவர் கையிலேயே இருந்தது. அருகில் கணக்குப் பார்க்கத் தமையனும் இருந்தார். 'மாடி வீட்டு ஏழை'யிலோ, முதல் ஒருவருடையது. அது பலிப்பதற்குரிய நாட்கள் ஓய்வில்லாத மற்றொருவருடையவை. ஈடு வைத்த பணத்துக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகின்றது என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும்.

நடிகையர் திலகம் சாவித்திரியும் சொந்தமாகத் தயாரித்து நெறிப்படுத்திய 'பிராப்தம்' (1971) முதலியவற்றால் தம் செல்வத்தை இழந்தவரே. பம்பாயில் ராஜ்கபூர் 1970இல் 'மேரா நாம் ஜோக்கர்' படத்தால் பெருங்கடனில் அமிழ்ந்து, 1973இல் 'பாபி'யால் கரையேறினார். கரையேறியவரை உலகம் பாடுகிறது. அமிழ்ந்தவரைப் பற்றி மெல்லிய குரலில் பேசுகிறது.

மரணசாதனம் சொல்லும் செய்தி

தேடிய தேட்டம் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதும் எண்ணத்தக்கது. எம்.ஜி.ஆர். ஈட்டியதை வாழ்நாளிலேயே கொடுத்துவந்தவர். 1962இல் சீனப் போர் மூண்டபோது பாதுகாப்பு நிதிக்கு 75,000 ரூபா அளித்தார். மழையில் நனைந்து வண்டியிழுத்த ரிக்‌ஷாக்காரருக்கு மழைச்சட்டை வழங்கினார். அவருடைய அரசியலின் நிறைகுறைகளை ஆராய்வது இங்கு எம் நோக்கமன்று.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1967ஆம் ஆண்டு ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்து அவர் குரல் மாறிற்று. 1984இல் நேர்ந்த நோய் பேச்சை மேலும் குன்றச் செய்தது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த மரணசாதனத்தில், தாம் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் பேச்சும் செவிப்புலனும் குன்றிய பிள்ளைகளுக்குப் பள்ளி அமைய வழிசெய்தார். அப்பள்ளி இன்று நடைபெறுகின்றது. தியாகராய நகரில் உள்ள அவரது மனை நினைவு இல்லமாயிற்று. படங்கள் பல பிறந்த சத்யா ஸ்ரூடியோ இருந்த இடத்தில் 1996 முதல் மகளிர் கல்லூரி இயங்குகின்றது.

சொத்து உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. அவருடைய சொத்துத் தொடர்பாகவும் நீதிமன்றப் படிகள் பல ஏறப்பட்டன. ஆயினும், பேச்சிழந்த ஒருவர் பேச்சில்லாப் பிள்ளைகளை நினைத்துத் தம் தோட்டத்தை எழுதிவைத்தாரே, அதனை நினைக்கும்போது எம் நெஞ்சம் நெகிழ்கின்றது. எம் ஊர்களிலோ, உரியவர் கடல்கடந்து வாழ, பூட்டிய வீடுகளும் பற்றை வளர்ந்த வளவுகளும் ஒருவருக்கும் உதவாமல் கிடக்கக் காண்கின்றோம்.

தாய்க்குச் சொன்ன விடை

கிழமை முடிந்தது. தாயும் மகனும் சேர்ந்தே வந்தனர். நாம் மகனைப் பார்த்துச் சொன்னோம்: "தம்பி, எம்.ஜி.ஆர். ஈடு வைத்தார் என்பது மெய். ஆனால் அவர் ஈடு வைத்தது தாம் தேடிய தேட்டத்தை. நீ கேட்பதோ அம்மாவின் சீதனத்தை. அவர் தோற்றிருந்தால் நாடோடியாகப் போயிருப்பவர் அவர். நீ தோற்றால் நாடோடியாவது யார்?"

அவன் தலை குனிந்தான். சிறிது நேரங்கழித்து, "இருபத்திரண்டு வருசம் நான் காத்திருக்கேலாது, சேர்" என்றான்.

அதுவும் நியாயமே. காத்திருக்கும்படி நாம் சொல்லவில்லை, கற்கும்படியே சொன்னோம். எம் மண்ணிலும் திரைப்படம் எடுக்கப்பட்டதுண்டு. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியன எம்மவர் பெருமையுடன் நினைவுகூர்பவை. ஆனால் எமது சந்தை சிறியது. படமாளிகைகளில் பெரும்பாலும் ஓடுவன தென்னிந்தியப் படங்கள். இங்கு போட்ட முதல் மீள்வதற்கு நாளாகும் என்பதை அறிந்தே இறங்கவேண்டும். முதலில் பிறர் பணத்தில் வேலை பழகட்டும். குறும்படங்கள் எடுக்கட்டும். கையில் சேரும் சிறு காசு அவனது தேட்டம். அதனைப் பணயம் வைக்க அவனுக்கு முழு உரிமை உண்டு.

இப்போது அவன் கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் ஒருவரிடம் உதவியாளனாக வேலை செய்கிறான். இரவில் உட்கார்ந்து படத்தொகுப்புக் கற்கிறானாம். சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் வங்கியில் இடுவதாகவும் அறிந்தோம். காணி உறுதி தாயின் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றது. அவன் படம் எடுப்பான் என்றே நம்புகிறோம். வெளிவரும் நாளில், முதல் ஆட்டத்துக்கு முன்வரிசையில் அந்தத் தாயை அமரவைத்து, பக்கத்து இருக்கையில் நாமும் அமர்ந்திருப்போம்.