பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வீடு தேடி வரும் துணையும்

அனாதைக் குழந்தை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது உயர்ந்த மதிலும் வரிசை வரிசையாகக் கட்டில்களும் உடைய ஒரு விடுதியே. நன்கொடை வழங்குவோரும் அத்தகைய கட்டடங்களுக்கே மனமுவந்து வழங்குகின்றனர். பெயரைக் கல்லில் பொறிக்க இடம் கிடைக்கிறதன்றோ! ஆனால் உலகில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் இல்லை. பாட்டி வீட்டிலும், சிற்றன்னை வீட்டிலும், மாமன் வீட்டிலுமே அவர்கள் வளர்கின்றனர். ஆதலின், அப்பிள்ளைகளுக்கு உதவ விரும்புவோர் அந்த வீடுகளின் படியேறிச் செல்லவேண்டும். இதனை அண்மைக் காலத்தில் நன்கு விளங்கச் செய்த நாடுகளுள் ஒன்று தென்னாப்பிரிக்கா.

பிற கொள்ளை நோய்கள் பெரும்பாலும் முதியோரையும் குழந்தைகளையுமே முதலில் வாட்டும். எய்ட்ஸ் அவ்வாறன்று. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதினரையே அது வாரிக்கொண்டு போயிற்று. கணவனுக்கு வந்த நோய் மனைவிக்கும் வந்தமையால், தந்தையை இழந்த பிள்ளை சில ஆண்டுகளில் தாயையும் இழப்பது வழக்கமாயிற்று. 2009ஆம் ஆண்டில் இந்நோயால் தாயையோ, தந்தையையோ, இருவரையுமோ இழந்த சிறுவர் உலகெங்கும் 1 கோடியே 66 இலட்சம் பேர் என ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாட்டினர். பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளையையும் இக்கணக்கு அனாதை என்றே கொள்ளும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

தென்னாப்பிரிக்காவில் இந்நோயால் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாநிலங்களுள் ஒன்று குவாசூலு-நேட்டால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் நங்கூரம் பாய்ச்சிய டர்பன் துறைமுகம் இங்குதான் உள்ளது. கரும்புத் தோட்டங்களைக் கடந்து உள்நாட்டுக்குச் சென்றால், குன்றுகளின்மேல் சிதறிக் கிடக்கும் சூலு மக்களின் குடியிருப்புகளைக் காணலாம். நோயை அடக்கும் மருந்தை அரசாங்க மருத்துவமனைகள் 2004இல்தான் பரவலாக வழங்கத் தொடங்கின. அதற்குள் பல வீடுகளில் நடுத் தலைமுறையே இல்லாது போயிற்று. எஞ்சியவர் பாட்டிமார். சூலு மொழியில் பாட்டியைக் 'கோகோ' என்பர். கோகோவின் முதியோர் உதவித்தொகை கொண்டுதான் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் சோளக் களி கிண்ட வேண்டும்.

இத்தகைய வீடுகளை நாடிச் செல்வதற்கென வகுக்கப்பட்டதே 'இசிபிண்டி' என்னும் திட்டம். இச்சொல்லுக்குச் சூலு மொழியில் துணிவு என்பது பொருள். அந்நாட்டின் சிறுவர் பராமரிப்புப் பணியாளர் தேசியச் சங்கம் இதனை உருவாக்கிற்று. விடுதிகளுக்குள் வேலை செய்த பராமரிப்பாளரின் தொழில் திறனை மதிலுக்கு வெளியே கொண்டுவந்தால் என்ன என்பதே இதன் அடிப்படை. அவ்வவ்வூரிலேயே வேலையின்றி இருந்தோரைத் தேர்ந்து, முறையான பயிற்சியளித்து, அண்டை வீடுகளுக்கு அனுப்பினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 2012ஆம் ஆண்டையொட்டி அரசாங்கமே இத்திட்டத்தை நாடு முழுதும் விரிவாக்கி, ஐந்தாண்டுகளில் 10,000 பணியாளரைப் பயிற்றுவிக்க முற்பட்டது.

வீட்டுக்குச் செல்லும் பணியாளர் செய்வது யாது? அறிவுரை கூறித் திரும்புவதன்று. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் வேளையிலும், சமைக்கும் வேளையிலும் உடனிருந்து, பானை கழுவும்போதும் பாடம் எழுதும்போதும் பேச்சுக் கொடுக்கிறார். குழந்தை இளைத்திருக்கிறதா, பள்ளிக்குப் போகாமல் நிற்கிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்பவை அலுவலக மேசையருகே தெரிவதில்லை, அடுப்படியில் தெரிந்துவிடும்.

இனி, பலரும் பெரிதாக எண்ணாத ஒரு வேலையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அதுதான் காகிதம் தேடும் வேலை. தென்னாப்பிரிக்க அரசாங்கம் 1998இல் குழந்தை உதவித்தொகையை ஏற்படுத்திற்று. தொடக்கத்தில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 ராண்ட். பின்னர் வயது வரம்பு படிப்படியாக 18 வரை உயர்ந்தது. பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் எவரோ அவரே இதனைப் பெறலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. ஆனால் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாளச் சீட்டும் கேட்பர். தாய் பிறப்பைப் பதியாமலே இறந்திருப்பாள். அவளுடைய சீட்டு எங்கே போயிற்றென எவருக்கும் தெரியாது. தந்தையின் ஊரும் தெரியாது. அலுவலகமோ தொலைவிலுள்ள நகரில். சிற்றுந்துக் கட்டணம் கொடுத்துப் போய், வரிசையில் நின்று, இன்னொரு தாள் கொண்டுவா என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் கோகோ மறுமுறை போகத் துணிவதில்லை. துணைக்கு ஒருவர் கூடச் சென்றால் அந்தக் கதவு திறக்கிறது. என்னைக் கேட்டால், இவ்வொன்றுக்காகவே இப்பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பேன்.

வளர்ப்புப் பிள்ளை உதவித்தொகை என வேறொன்றும் உண்டு. அது தொகையில் பெரிது. ஆனால் நீதிமன்ற ஆணை வேண்டும். உறவினர் இலட்சக்கணக்கில் இதனை நாடியதால் நீதிமன்றங்களும் சமூகநல அலுவலரும் திணறினர். ஆணைகள் காலாவதியாகி, பணம் நின்றுபோகும் நிலை வந்தது. 2011இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு அவ்வாணைகளின் காலத்தை நீட்டவேண்டியதாயிற்று. உறவினரிடம் வளரும் அனாதைப் பிள்ளைக்கு, நீதிமன்றம் செல்லாமலே குழந்தை உதவித்தொகையோடு கூடுதல் தொகை வழங்கும் ஏற்பாடு 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பாட்டியும் இல்லாத வீடுகளும் உண்டு. மூத்த பிள்ளையே தம்பி தங்கையருக்குத் தாயாகவும் தந்தையாகவும் நிற்கும். 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இத்தகைய குடும்பத்தைக் குடும்பமாகவே ஏற்றுக்கொண்டது. தலைமை ஏற்கும் பிள்ளைக்கு 16 வயதாகியிருக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரித்து ஆளுக்கொரு விடுதியில் சேர்ப்பதைவிட இது மேல் எனக் கருதினர். ஆயினும் வாரந்தோறும் எட்டிப் பார்க்க ஆளில்லையேல் இச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

துயரத்துக்கும் இடம் வேண்டும். தாய் எங்கே என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரியோர் மறுமொழி கூறத் தயங்குவர். நோயின் பெயரையோ வாய்விட்டுச் சொல்லார். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சினோம்லாண்டோ நிலையம் 'நினைவுப் பெட்டி' என்னும் முறையைப் பரப்பிற்று. 'நமக்கொரு வரலாறு உண்டு' என்பது அந்நிலையப் பெயரின் பொருள். தாயின் புகைப்படம், அவள் உடுத்த துணியில் ஒரு துண்டு, பாட்டி சொன்ன குடும்பக் கதை ஆகியவற்றை ஒரு பெட்டியில் சேர்த்துப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவர்.

இப்பணியைச் சம்பளமின்றித் தொண்டர்களே செய்யலாகாதா எனச் சிலர் வினவுவர். பல அமைப்புகள் அவ்வாறே நடத்தின. ஆனால் தொண்டர் எனப்பட்டோர் செல்வர் அல்லர். தாம் சென்று பார்க்கும் வீட்டினரைப் போன்றே வறியவர். அவ்வேழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாகப் பெற்று, அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது அறமன்று. கூலி கிடைக்கும் வேலை வந்தால் அவள் போய்விடுவாள், போவதும் நியாயமே. பழகிய முகம் மறைந்ததும், ஏற்கெனவே பலரை இழந்த பிள்ளை இன்னொருவரையும் இழக்கிறது.

பணத்தின் பெரும்பகுதி அந்நாட்டு அரசாங்கத்தினுடையதாயினும், 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டமும் பல அமைப்புகளைத் தாங்கிற்று. 2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, தென்னாப்பிரிக்காவிலும் பல அமைப்புகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

மருந்து பரவியதால் இன்று பெற்றோர் மடிவது வெகுவாகக் குறைந்துள்ளது. பணியாளரின் வேலையும் அதற்கேற்ப மாறிவருகிறது. நோயுடன் பிறந்த பிள்ளைக்கு எடை கூடக்கூட மருந்தின் அளவும் மாறும்; எழுத்தறியாத பாட்டிக்கு அதனை விளக்கியாக வேண்டும். முன்னர்க் கொடுத்த நீர்மருந்து கடுங்கசப்பு, குழந்தைகள் துப்பிவிடுவர். 2021 முதல் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வந்த குழந்தை மாத்திரை தண்ணீரில் கரையும். ஸ்டிராபெரிப் பழச் சுவையுடையது. அதனைத் துப்பாமல் குடித்துவிடுகின்றனர்.