எடைக்குப் போகும் ஒலிம்பிக்

உள்ளங்கையில் வைத்ததும் முதலில் தெரிவது கனம்தான். 48.6 கிராம், அதில் 92.5 சதவீதம் வெள்ளி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்காகக் கனடா வெளியிட்ட 10 டாலர் நாணயம் அது. அதில் பாதி எடையில் 5 டாலர் நாணயமும் உண்டு. தொகுதிக்கு நான்காக ஏழு தொகுதிகள், மொத்தம் 28 வெள்ளி நாணயங்கள். போட்டிச் செலவின் ஒரு பகுதியை இவை ஈடுகட்டும் என்று நம்பினார்கள். கடைசியில் அந்தப் போட்டியின் கடன் அடைபட 2006 ஆகிவிட்டது.

மூன்றாம் தொகுதிதான் அழகு. சைக்கிள், துடுப்புப் படகு, கனூ ஆகியவற்றோடு லக்ரோஸும் அதில் இருக்கிறது. லக்ரோஸ் அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஆடிய ஆட்டம். 1976 போட்டிகளில் அதற்கு இடமில்லை, வெள்ளியில் மட்டும் இடம் கிடைத்தது.

இந்த நாணயங்கள்தாம் உலைக்குப் போகின்றன. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டாலரை நெருங்கியபோது, 10 டாலர் நாணயத்தின் வெள்ளி மட்டுமே 70 டாலர் பெறுமானமுள்ளதாகிவிட்டது. அப்புறம் யார் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்? வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இதே கதைதான். தாத்தா ஆசையாக வாங்கிய தொகுதியைப் பேரன் பிரித்து எடைக்குப் போடுகிறான்.

லாபம் பார்க்க வாங்கியதை லாபத்துக்கு விற்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. அவரவர் தேவை அவரவருக்கு. ஆனால் உருகிப்போனதைத் திரும்ப அச்சிட முடியாது. எத்தனை அச்சிட்டார்கள் என்று நாணய நூல்கள் சொல்கின்றன. எத்தனை உருகின என்று எழுதிவைக்கும் கடமை யாருக்கும் இல்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 10 மார்க் வெள்ளி நாணயத்தைப் பாருங்கள். முதலில் வந்ததில் 'ஜெர்மனியில்' என்று பொறித்திருந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சேபித்தது. அடுத்து வந்தவற்றில் 'மியூனிக்கில்' என்று மாற்றினார்கள். பிளவுபட்ட ஒரு தேசத்தின் சண்டை அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. தராசில் வைத்தால் இரண்டும் அதே 15.5 கிராம்தான்.

மான்ட்ரியலிலும் அப்படி ஒன்று உண்டு. உலக வரைபடம் பொறித்த 10 டாலர் நாணயத்தில் இருக்க வேண்டிய ஆண்டு 1973. அச்சு மாறிப்போய்ச் சிலவற்றில் 1974 என்று விழுந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுவது அதைத்தான். பழைய வெள்ளியை வாங்குபவர் ஆண்டைப் பார்ப்பதில்லை.