இடைக்காலம் என்பது எக்காலம்?

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இன்டெரிம், அட்ஹாக், புரோடெம், புரொவிஷனல், ஆக்டிங் என்னும் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டோம். ஐந்திற்கும் 'தற்காலிக' என்ற ஒரே விடையை எழுதிவிட்டு ஒரு மாணவர் நம் முகத்தை நோக்கினார். தவறென்று கோடிட இயலவில்லை. அகராதி அவர் பக்கம் நின்றது. முழு மதிப்பெண் வழங்கவும் மனம் ஒப்பவில்லை. அன்று எழுந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

காலத்தின் இடைவெளியைச் சுட்ட ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களுள் பல இலத்தீன் வரவுகள். இவ்விடைவெளியை முடித்து வைப்பது எது என்னும் வினாவிற்கு அவை வெவ்வேறு விடை தருகின்றன. 'இன்டெரிம்' என்பது இலத்தீனில் 'அதற்கிடையில்' எனப் பொருள்படும். பின்னர் வரவிருக்கும் ஒன்றை அது எதிர்நோக்கி நிற்கிறது. 1548ஆம் ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், செருமானிய நாட்டுச் சமயப் பூசலைத் தணிக்க ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். திருச்சபையின் பொதுச்சங்கம் இறுதி முடிவு கூறும்வரை மட்டுமே அது செல்லும். அவ்வேற்பாட்டிற்கு வரலாற்றில் 'இன்டெரிம்' என்பதே பெயராயிற்று.

'அட்ஹாக்' என்றால் 'இதற்காக'. இங்கே எல்லை வகுப்பது காலமன்று, நோக்கம். 'புரோடெம்' என்பது 'இப்பொழுதைக்கு' என்னும் பொருளுடைய தொடரின் குறுக்கம். புதிய மக்களவை கூடும்போது உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைக்கும் தற்காலிகத் தலைவரின் பணி, முறையான தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் முடிந்துவிடும். 'புரொவிஷனல்' எதுவென்று மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பட்டமளிப்பு விழா வரையில் கையில் வைத்திருக்கும் சான்றிதழே சான்று. 'ஆக்டிங்' என்பதற்கு நம் அலுவலகங்கள் 'பொறுப்பு' என்று வழங்கும் சொல் ஆங்கிலத்தினும் அழகியது என்பது நம் துணிபு. பொறுப்பு ஆளுநர், பொறுப்பு முதல்வர் என்னுமிடத்து, பதவி அவருடையதன்று, சுமை மட்டும் அவருடையது என்பது தானே விளங்கிவிடுகிறது.

தமிழ்த்துறையினர் விட்டுச்செல்லலாகாத சொல் ஒன்றுண்டு. இடைநிற்றலைக் குறிக்கும் 'ஹையேட்டஸ்' இலத்தீனில் பிளவை, திறந்த வாயைச் சுட்டுவது. மொழியியலார் ஈருயிர் அடுத்தடுத்து வந்து நிற்கும் நிலைக்கும் அப்பெயரையே இட்டனர். நம் இலக்கணம் அப்பிளவை விட்டுவைப்பதில்லை. மணி, அழகு என்பன 'மணியழகு' என்றும், பூ, அழகு என்பன 'பூவழகு' என்றும் உடம்படுமெய் பெற்று ஒன்றிவிடுகின்றன.

இனி, நாடாளுமன்ற வழக்கு. 'அட்ஜர்ன்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் 'இன்ன நாளுக்கு' எனப் பொருள்பட்ட தொடரிலிருந்து வந்தது. 'சைனே டை' என்பதோ 'நாள் இன்றி' என்னும் இலத்தீன் தொடர். இரண்டையும் இணைத்து அவையை ஒத்திவைக்கும்போது, சொற்பிறப்பின்படி அது நாளில்லாத நாளுக்குத் தள்ளப்படுகிறது! 'புரொரோக்' என்பதன் கதை இன்னும் விந்தையானது. நீட்டித்தல் என்னும் பொருளில் பிறந்த அச்சொல், இன்று கூட்டத்தொடரை முடித்துவைத்தலைக் குறிக்கின்றது. அவை ஒத்திவைக்கப்பட்டால் மசோதாக்கள் நிலுவையில் இருக்கும். பிரிட்டனில் தொடர் முடித்துவைக்கப்பட்டால், நிறைவேறாத மசோதாக்கள் பெரும்பாலும் மடிந்துபோகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை 2019ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் சிக்கல் முற்றியிருந்த வேளையில், பிரிட்டன் நாடாளுமன்றத் தொடர் ஐந்து வாரங்களுக்கு முடித்துவைக்கப்பட்டது. செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது சட்டத்திற்குப் புறம்பானது என்றனர். மறுநாள் கூடிய மக்கள் அவையில் அதன் தலைவர், முடித்துவைத்ததாக எழுதப்பட்ட குறிப்பு நீக்கப்பட்டு, அவை ஒத்திவைக்கப்பட்டதாகப் பதிவு செய்யப்படும் என அறிவித்தார். ஒரு சொல் போய் மற்றொரு சொல் வந்தது. மடிந்தனவாகக் கருதப்பட்ட மசோதாக்கள் உயிர்பெற்றன.

அயல்நாட்டுச் செய்தி நமக்கெதற்கு என்பாருக்கு நம் வீட்டுச் செய்தியும் உண்டு. கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 27 அன்று இந்திய ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளுக்கு மூன்று மாத 'மொரட்டோரியம்' அளிக்க வங்கிகளுக்கு இசைவு தந்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தாமதித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. தள்ளுபடி என்ற பொருள் அதில் எள்ளளவும் இல்லை. ஆயினும் 'சலுகை' என்ற சொல்லே மக்கள் வாயில் வழங்கிற்று. ஆறு மாதம் விட்டுவிட்டார்கள் என எண்ணிய குடும்பங்கள் எத்தனையோ! தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. ஒரு இலட்சம் ரூபாய் நிலுவைக்கு ஆண்டிற்கு 12 விழுக்காடு வட்டியெனில், ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் தலையில் ஏறியிருக்கும். வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்ய அது இசையவில்லை.

வட்டி விலக்கப்பட்ட சமுதாயத்தினராகிய நாம் இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 280ஆம் வசனம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருப்பின் வசதி வரும்வரை அவகாசம் தரப் பணிக்கிறது. விட்டுக்கொடுத்தலை அதனினும் மேலானதாகத் தனியே கூறுகிறது. அவகாசம் வேறு, விடுதலை வேறு என்னும் தெளிவு அங்கே உண்டு. வங்கிப் படிவத்தில் கையொப்பமிட்டோர்க்கு அத்தெளிவு கிட்டவில்லை. 'தவணை மட்டும் ஒத்திவைப்பு, வட்டி தொடரும்' எனத் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே.

சொல் தன் பொருளை இழந்து நிற்பதும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'அட்ஹாக்' ஆசிரியர்கள் நெடுங்காலம் பணியாற்றினர். 'இதற்காக' என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு நான்கு மாதப் பணி, ஒரு நாள் இடைவெளி, மீண்டும் நான்கு மாதப் பணி. இவ்வாறே பத்தாண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர்கள் அவர்களுள் பலர்.