முதுகு வலுப்பெற எப்பயிற்சி?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். நம் உடலாகிய சுவரின் பின்புறம் முதுகு. அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. நானும் புத்தகப் பையின் கனத்தால் கூனத் தொடங்கிய பிறகுதான் நினைத்தேன்.

அன்புத் தோழியரே! உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் சொல்வது தண்டால். இரண்டு மாதங்கள் விடாமல் செய்தேன். கைகளும் மார்பும் வலுப்பெற்றன. கூனல் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் பின்னர்தான் விளங்கியது. தண்டாலில் தரையைத் தள்ளுகிறோம். தள்ளும் வேலை மார்புத் தசைகளுடையது; இழுக்கும் வேலையே முதுகுத் தசைகளுடையது.

இதை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுக் கிணறு. எழுபது வயதைக் கடந்த என் அப்பத்தா இன்றும் நிமிர்ந்தே நடப்பார். சிறு வயது முதல் ராட்டினத்தில் நீர் இறைத்தவர். நிலையான கப்பி விசையின் திசையைத்தான் மாற்றும், அளவைக் குறைக்காது என்று இயற்பியலில் படித்தோம் அல்லவா? எட்டு லிட்டர் நீரை இறைத்தால் எட்டுக் கிலோவையும் நாமேதான் இழுக்கிறோம். மேலிருந்து கீழே இழுக்கும்போது அக்குள் முதல் இடுப்பு வரை விரிந்த தசை உழைக்கிறது. முதுகுக்கு அகலம் தருவது அதுவே.

கிணறு இல்லாதோர் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கலாம். முடியாவிட்டால் முக்காலியின் மேல் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறங்கினாலும் பயனுண்டு.

தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள தசைக்கு வேறு பயிற்சி. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் மணல் பையை இடுப்பு வரை இழுக்க வேண்டும். கூனலைக் குறைக்க எனக்கு உதவியது இதுவே.

கீழ் முதுகுக்கு ஏற்றது, இளவட்டக்கல் தூக்குவோரைப் போல் தரையிலிருந்து பாரம் தூக்குவது. ஆனால் எடுத்தவுடன் கல்லிடம் போகாதீர்கள்! முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, வெறும் வாளியில் பழகுங்கள். வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, வாரம் மூன்று நாள் செய்தால் போதும். பன்னிரண்டும் எளிதானால் சிறிது எடை கூட்டலாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு அகல முதுகு எதுக்கு? ரவிக்கைத் துணிதான் கூடும்" என்றார் என் அத்தை. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணான கர்ணம் மல்லேஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். அத்தை அசையவில்லை. 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு 49 கிலோ எடைப்பிரிவினர். அவர் தலைக்கு மேல் தூக்கியதோ 115 கிலோ என்றதும் சற்று யோசித்தார். ஆண்களைப் போல் பெண்களுக்குத் தசை எளிதில் பருத்துவிடாது. வலிமை மட்டும் நன்றாகவே கூடும்.

இப்போது காலையில் நீர் இறைப்பது நான்தான். சென்ற வாரம் ரவிக்கைக்கு அளவெடுத்த அத்தை ஒன்றும் பேசவில்லை. அரை அங்குலம் கூட்டிக் குறித்துக்கொண்டார்.