இரு வேலவர் தலங்கள், இடையே ஒன்றரை மணி நேரம்

சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணியாகக் காட்சி தரும் முருகப்பெருமான், மலேசியாவின் பினாங்குத் தீவில் தண்ணீர்மலையின் மேல் பாலதண்டாயுதபாணியாக எழுந்தருளியிருக்கிறார். டேங்க் ரோடு கோயில், வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து சென்ற நகரத்தாரால் 1859-ஆம் ஆண்டு எழுப்பப்பெற்றது. பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூர் செல்லும் முதிய பெற்றோருக்கு, பினாங்கு வேலவனையும் ஒருமுறை தரிசித்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே.

அக்காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்கள் முதலில் பினாங்கில்தான் கரை கண்டனர். சிங்கப்பூர் செல்வோர் அதன்பின்னும் கடற்பயணத்தைத் தொடர வேண்டியிருந்தது. இன்றோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும், பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 600 கிலோமீட்டர். தரைவழியில் இது 700 கிலோமீட்டர் அளவுக்கு நீளும்; பேருந்தில் ஏறத்தாழ ஒரு பகலோ ஓர் இரவோ கழிந்துவிடும்.

விமான அட்டவணை காட்டும் நேரம் சுமார் ஒன்றரை மணி. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது தொடங்கி, மறுமுனையில் சென்று நிற்பது வரையிலான நேரம் அது. உண்மையில் வானில் பறப்பது அதனினும் குறைவு. இரண்டு ஊர்களிலும் ஒரே நேரக் கணக்கு என்பதால் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை.

ஆயினும், ‘ஒன்றரை மணி நேரம்தானே, காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம்’ என்று எண்ணுவதில்தான் முதியோருக்கு இடர் நேர்கிறது. இது நாடு விட்டு நாடு செல்லும் பயணம். கடவுச்சீட்டுச் சோதனை இரு முனைகளிலும் உண்டு. வீட்டிலிருந்து சாங்கிக்கு அரை மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, பயணம் ஒன்றரை மணி, இறங்கியபின் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஒரு மணி, ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள நிலையத்திலிருந்து தண்ணீர்மலை அடிவாரம் சேர முக்கால் மணி. கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது.

அதன்பின் காத்திருப்பவை 513 படிகள்! பயணக் களைப்போடு, வெயில் ஏறிய பொழுதில் அவற்றில் கால் வைப்பது மூட்டு வலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு உகந்ததன்று. முதல்நாளே சென்று இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் நீராடி, இளங்காற்றில் இளைப்பாறி இளைப்பாறி ஏறுவதே நலம். அன்றாட மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்வதும், சக்கர நாற்காலி உதவி தேவைப்படுமாயின் பயணச்சீட்டுப் பதிவின்போதே சொல்லிவிடுவதும் நன்று. தைப்பூச நாட்களில் கூட்டம் பெருகுமாதலால், இயலாதோர் வேறு நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

படியேற இயலவில்லையே என்று மனம் வருந்தவும் வேண்டாம். மலையடிவாரப் பகுதியிலேயே நகரத்தார் அமைத்த தண்டாயுதபாணி கோயில் உள்ளது. தைப்பூசத் திருவிழாவில் நகருக்குள்ளிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தில் பவனி வரும் பெருமான் வந்து சேர்வது அக்கோயிலுக்குத்தான். மலையேற முடியாத அடியவருக்காக, வேலவன் அடிவாரத்திலும் காத்திருக்கிறான்.