தையல் பிரித்த பிறகு தொடங்கும் சோதனை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று, ரயில் பாதை போடுவதற்காகப் பாறை தகர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ஃபினியாஸ் கேஜுக்கு வயது 25. துளையில் இட்ட வெடிமருந்து முன்கூட்டியே வெடித்துவிட, கையிலிருந்த ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் பாய்ந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. ஆனாலும் கேஜ் பிழைத்தார், பேசினார், நடந்தார்.

ஆனால் பொறுப்பான மேஸ்திரி என்று பேரெடுத்தவர், பொறுமையிழந்தவராகவும் வாய்க்கு வந்ததைப் பேசுபவராகவும் மாறிவிட்டதாக மருத்துவர் ஜான் ஹார்லோ பதிவு செய்தார். இது பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். பழைய வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

தலையில் அடிபட்டவரின் வீட்டில் இன்றும் கேட்கும் சொல் அதுதான்: "ஆளே மாறிட்டார்."

ஏன் மாறுகிறார்?

கோபத்தை அடக்குவது, யோசித்துப் பேசுவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது ஆகியவற்றில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. விபத்தில் மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதும்போது எளிதில் காயப்படுவதும் அந்தப் பகுதிதான். பல நேரம் வெளியே தழும்புகூட இருக்காது. அதனால் கோபம் திமிராகவும், செயலின்மை சோம்பலாகவும் வீட்டாருக்குத் தெரிகிறது. தன்னிடம் மாற்றம் இருப்பதையே சிலரால் உணர முடியாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வது வீம்பு அல்ல. அதுவும் காயத்தின் விளைவாக இருக்கலாம்.

மனைவி தாயாகவும் செவிலியாகவும் மாறுகிறார். அப்பாவின் கத்தலுக்குத் தானே காரணம் என்று குழந்தை நினைக்கிறது. ஆள் கண்முன்னே இருந்தும் பழகிய மனிதரை இழந்துவிட்ட இந்தத் துயரத்தை, அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்றார். இறந்தவருக்காக அழலாம், எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவரை நினைத்து எப்படி அழுவது?

ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வந்த நண்பர்களும் மெல்லக் குறைகிறார்கள். கல்யாண வீட்டு இரைச்சல், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் காயப்பட்ட மூளையைச் சீக்கிரம் களைப்பாக்கும். அவர் எழுந்து போவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

எழுவதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். கோபம் ஏறும்போது வாதாடாமல் விலகி, தணிந்தபின் பேசுங்கள். 'அப்பாவுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது, உன்மேல் தப்பில்லை' என்று குழந்தையிடம் சொல்லுங்கள். கைநீட்டினாலோ சாக வேண்டும் என்று பேசினாலோ உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரம் ஒரு நாளாவது உறவினர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

கேஜின் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. பிற்காலத்தில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். ஒழுங்கான அந்த அன்றாட வேலை அவரைப் பெருமளவு மீட்டிருக்கலாம் என்று, அவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மாக்மில்லன் கருதுகிறார்.

உங்கள் நண்பர் ஒருவரும் இப்படி மாறியிருக்கலாம். இந்த வாரம் தனியாகப் போய், அமைதியான வேளையில் அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பழைய ஆளைத் தேடாதீர்கள். இப்போது இருப்பவரோடு பழகுங்கள்.